அவுட் ஆஃப் ஸ்டேஷன் என்று எழுதி நான் பட்ட பாடு



இந்த மாதம் சுவர் இதழில் ஆங்கிலப் பகுதி எழுதுவது ஒன்பதாம் வகுப்பின் முறை. வழக்கம் போல எதிர்ச்சொல் 20, பழமொழி 10 என்று எழுதி ஒட்டிவிடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நான் கையைத் தூக்கி, "இல்ல, நான் ஒரு கட்டுரை எழுதுதேன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்றால், இந்த சீசனில் எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. மூன்றே மூன்று வரி இங்கிலீஷால் எங்கள் அப்பா கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்து ஓடி வரும்படி ஆகிவிட்டது. எழுதியது வேறு யாரும் இல்லை, நான்தான்!

எங்க அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். நம்ம ஊரில் சீசன் என்றால் தெரியும்தானே. தென்காசியில் ஆள் ஏற்றினால் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ராத்திரி வரை ஓட்டம்தான். ஜூலை மாதம் ஒரு நாள் ராத்திரி ஆட்டோவைத் துடைக்கும்போது பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு துணிப்பை கிடந்தது. மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா, ஒரு நோட்டு, கொஞ்சம் பணம். பையில் தொங்கிய அட்டையில் ஒரு பெயரும் போன் நம்பரும் இருந்தன. மத்தியானம் ஐந்தருவியில் இறங்கிய வெள்ளைக்காரப் பாட்டியம்மாவின் பைதான் அது என்று அப்பாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் இருந்து வந்தவர்களாம்.

"ஏட்டி, நீதான் இங்கிலீஷ்ல நல்ல மார்க்கு வாங்குதியே, அந்தம்மாவுக்கு ஒரு மெசேஜ் போடு. மாத்திர இல்லாம என்ன செய்வாவ, பாவம்" என்றார் அப்பா. மறுநாள் விடியற்காலம் அப்பா சங்கரன்கோவிலுக்குச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போக வேண்டும். அதனால் அந்த அம்மா ஆள் அனுப்பி வீட்டில் வந்து பையை வாங்கிக்கொள்ளட்டும் என்று எழுதச் சொன்னார்.

நானும் பெரிய ஆபீசர் மாதிரி எழுதினேன்:

"யுவர் பேக் இஸ் வித் அஸ் ஒன்லி. மை ஃபாதர் இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன் டுமாரோ. கைண்ட்லி டூ த நீட்ஃபுல்."

எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. ஸ்பெல்லிங் ஒன்று கூடத் தப்பு இல்லை. ஆச்சியிடம் வாசித்துக் காட்டினேன். ஆச்சிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் திருஷ்டி கழித்தாள்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. நன்றி என்று சொல்லிவிட்டு, "ஹவ் மச் டூ யூ நீட்?" என்று கேட்டிருந்தார்கள். எவ்வளவு வேண்டும் என்று அர்த்தம்! நான் அப்பாவிடம் சொன்னதும் அப்பா முகம் சுருங்கிப் போய்விட்டது. "நாம துட்டா கேட்டோம்? நீ என்னட்டி எழுதுன?" என்றார். நான் துட்டு என்ற வார்த்தையே எழுதவில்லை என்று அழாத குறையாகச் சொன்னேன். "அப்ப அந்தம்மா நம்மள அப்படி நெனச்சிட்டாவளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார். நான் "நோ மணி மேடம்" என்று ஒரு வரி அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை.

மறுநாள் போன் அப்பாவோடு சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டது. நான் பள்ளிக்கூடம் வந்துவிட்டேன். அங்கே அப்பா பந்தியில் உட்கார்ந்து இலையில் சோறு விழும் நேரம் அந்த அம்மாவிடம் இருந்து போன். அப்பாவுக்கு விளங்கியது ஒரே ஒரு சொல். ஸ்டேஷன். திரும்பத் திரும்ப ஸ்டேஷன், ஸ்டேஷன் என்கிறார்கள். அப்பா போலீஸ் ஸ்டேஷன் என்று நினைத்துவிட்டார்! பையைத் திருடிக்கொண்டு துட்டு கேட்கிறான் என்று அந்த அம்மா புகார் கொடுத்துவிட்டார்கள் என்று பயந்து, இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். காலேஜ் படிக்கும் எங்க அத்தை மகன்தான் போனை வாங்கிப் பேசினான். விஷயம் என்னவென்றால், அந்த அம்மா காலை 9 மணியில் இருந்து தென்காசி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்களாம். "உன் அப்பா நாளைக்கு ஸ்டேஷனுக்கு வெளியே இருப்பார் என்றுதானே நீ எழுதினாய்" என்கிறார்களாம்.

அப்பா பஸ் பிடித்து வந்து, வீட்டில் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்க் கொடுத்தபோது மணி மூன்றாகிவிட்டது. அன்று சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸில் அந்த அம்மாவுக்கு டிக்கெட். வயசானவர்கள் ஆறு மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறார்கள். அவர்கள் அப்பா கையில் ரூபாயை வைக்க, அப்பா கும்பிட்டு வேண்டாம் என்று சொல்ல, கடைசியில் இரண்டு பேரும் ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துவிட்டுப் பிரிந்தார்களாம். டீக்குக் காசு அப்பா கொடுத்தார். அதை மட்டும் வீட்டில் மூன்று தடவை சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த நாள் எங்கள் இங்கிலீஷ் டீச்சரிடம் அந்த மெசேஜைக் காட்டினேன். டீச்சர் முதலில் சிரித்தார்கள். அப்புறம், "இதுல கிராமர் தப்பு ஒண்ணும் பெருசா இல்ல. நம்ம ஊரு பேங்க் மேனேஜருக்கு அனுப்பியிருந்தா ஒரு வார்த்தை விடாமப் புரிஞ்சிருக்கும். நீ யாருக்கு எழுதுனன்னு யோசிக்கல" என்றார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு மூன்று விஷயம் நானே நூலக அகராதியில் தேடியதும் உண்டு.

முதலில் நம்ம கதாநாயகன் "அவுட் ஆஃப் ஸ்டேஷன்". வெளியூர் போயிருக்கிறார் என்பதற்கு நம் நாட்டில் எல்லா ஆபீசிலும் இப்படித்தான் சொல்வார்கள். இது நாம் உண்டாக்கிய தப்பு இல்லை, வெள்ளைக்காரன் விட்டுப்போனது. கம்பெனி காலத்தில் ஒரு மாவட்டத்தில் ஆங்கில அதிகாரிகளும் பட்டாளத்து ஆபீசர்களும் குடியிருந்த இடத்துக்கு "ஸ்டேஷன்" என்று பெயர். ரயில் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பெயர் உண்டு! 1886இல் வெளிவந்த ஹாப்ஸன் ஜாப்ஸன் என்ற பெரிய அகராதியிலும் இந்த அர்த்தம் இருக்கிறது. இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் பேசிய சொற்களை எல்லாம் திரட்டிய அகராதி அது. அதை எழுதிய இரண்டு பேரில் ஒருவரான பர்னெல் நம் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். புத்தகம் அச்சாகி வருவதற்குள் இறந்துவிட்டார்.

பாளையங்கோட்டையில் இருந்த இங்கிலீஷ்காரர்கள் சீசனுக்குக் குற்றாலம் வந்து பங்களாவில் தங்குவார்கள் என்று நமக்குத் தெரியும். அப்படியென்றால் அன்றைக்கு அவர்கள்தான் அவுட் ஆஃப் ஸ்டேஷன்! அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், சொல் மட்டும் இங்கே தங்கிவிட்டது. இப்போது இங்கிலாந்தில் ஸ்டேஷன் என்றால் ரயில் ஸ்டேஷன், போலீஸ் ஸ்டேஷன்தான். அங்கே உள்ளவர்களுக்கு எழுதும்போது "அவே" அல்லது "அவுட் ஆஃப் டவுன்" என்று எழுத வேண்டும்.

"டூ த நீட்ஃபுல்" கதையும் இதே மாதிரிதான். ஆக வேண்டியதைச் செய்யவும் என்று அர்த்தம். ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே கடிதங்களில் எழுதினார்கள். அங்கே வழக்கம் குறைந்துபோனது, நம் தாலுகா ஆபீஸ் மனுவில் இன்னும் நன்றாக வாழ்கிறது. மனுவில் எழுதினால் தப்பே இல்லை. ஆனால் இந்தச் சொல்லில் ஒரு வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமலே செய்யச் சொல்லிவிடலாம். நான் "ஆள் அனுப்புங்கள்" என்று மனதில் நினைத்துக்கொண்டு எழுதினேன். அந்த அம்மா "நீட்" என்பதைப் பார்த்துவிட்டு எங்களுக்குத் தேவை பணம் என்று நினைத்தார்கள். அவர்கள் மேல் என்ன குறை சொல்ல? என்ன வேண்டும் என்று நான் எழுதவே இல்லையே. வீட்டு முகவரியும் எழுதவில்லை! அது இங்கிலீஷ் தப்புகூட இல்லை, என் புத்தித் தப்பு.

"ஒன்லி" என்பது நம் "தான்". எங்ககிட்டதான் இருக்கு என்பதை அப்படியே போட்டுவிட்டேன். தமிழில் "தான்" எந்தச் சொல்லோடும் ஒட்டிக்கொள்ளும், பேச்சுக்கு ஒரு அழுத்தம் கொடுக்கும். ஆங்கிலத்தில் ஒன்லி என்றால் "மட்டும்" என்ற அர்த்தம் தூக்கலாக நிற்கும். உங்கள் பை எங்களிடம் மட்டுமே இருக்கிறது என்று படித்தால், ஏதோ மிரட்டுவது போலத்தான் இல்லையா? சினிமாவில் ஆளைக் கடத்தியவன் போன் பேசுவது மாதிரி.

டீச்சரும் நானும் அந்த மெசேஜைத் திருப்பி எழுதிப் பார்த்தோம். "வி ஹேவ் யுவர் பேக். இட் இஸ் சேஃப். மை ஃபாதர் வில் பி அவே டுமாரோ, பட் மை மதர் வில் பி அட் ஹோம். ப்ளீஸ் சென்ட் சம்ஒன் டு கலெக்ட் இட்." அதன் கீழே முகவரி. இதில் ஒரு பெரிய வார்த்தையும் இல்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள்தான். இதை எழுதத் தெரியாமலா அப்படி எழுதினேன்? பெரிய ஆள் மாதிரி தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரி நாம் தினமும் புழங்கும் சொற்கள் இன்னும் நிறைய உண்டு. வகுப்பில் நாம் எழுந்து "ஐ ஹேவ் எ டவுட்" என்கிறோம். நமக்கு சந்தேகம் என்றால் புரியவில்லை, கேட்கிறேன் என்று அர்த்தம். வெளிநாட்டுக்காரரிடம் அப்படிச் சொன்னால், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று ஆகிவிடும். எழுதும்போது "ஐ ஹேவ் எ கொஸ்டின்" போதும்.

"மை பிரதர் பாஸ்டு அவுட் இன் 2023" என்று எழுதினால், உங்கள் அண்ணன் 2023இல் மயங்கி விழுந்தார் என்றுதான் அவர்கள் படிப்பார்கள்! பட்டாளத்தில் பயிற்சி முடித்து வருவதற்கு அந்தச் சொல் அங்கேயும் உண்டு, பள்ளிக்கூடத்துக்கு இல்லை. "ஃபினிஷ்டு ஸ்கூல்" என்று எழுதலாம். "மை கிராண்ட்ஃபாதர் எக்ஸ்பயர்டு" என்று லீவு லெட்டரில் எழுதுகிறோம். அவர்களுக்கு எக்ஸ்பயரி என்றதும் மாத்திரை அட்டையும் பாஸ்போர்ட்டும்தான் ஞாபகம் வரும். "டைடு" என்றாலே மரியாதைதான், "பாஸ்டு அவே" என்றால் இன்னும் மென்மை. இதில் கவனியுங்கள்: பாஸ்டு அவுட் என்றால் மயக்கம், பாஸ்டு அவே என்றால் மரணம். ஒரு சின்னச் சொல் மாறினால் ஆளே போய்விடுவார்!

"யூ பீப்பிள்" என்பது நம் "நீங்கள்லாம்". நாம் பாசமாகத்தான் சொல்கிறோம். எழுத்தில் அது விரலை நீட்டித் திட்டுவது மாதிரி இருக்கும். பிறந்தநாள் அட்டையில் எல்லாரும் "மெனி மோர் ஹாப்பி ரிட்டர்ன்ஸ்" என்று எழுதுகிறோம். அந்த வாழ்த்து "மெனி ஹாப்பி ரிட்டர்ன்ஸ்" மட்டும்தான். மோர் குடிப்பதற்கு. (இந்த ஜோக் டீச்சருடையது, என்னைத் திட்டாதீர்கள்.)

பேச்சைக் காதால் கேட்டு அப்படியே எழுதுவதால் வரும் தப்பு இன்னொரு வகை. இது நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கிலீஷ்காரப் பிள்ளைகளே "குட் ஹேவ்" என்பதை வேகமாகப் பேசும்போது "குட்அவ்" என்று கேட்பதால், ஹேவ் போட வேண்டிய இடத்தில் ஆஃப் போட்டு எழுதிவிடுவார்களாம். அவர்கள் டீச்சர்களும் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டே இருக்கிறார்களாம். கேட்க எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. நாம் செய்வதில் முக்கியமானது "எவ்ரி டே". தினமும் என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு சொல், நடுவில் இடம் விட வேண்டும். அன்றாடம் புழங்குகிற என்று இன்னொரு சொல்லுக்கு முன்னால் வந்தால் சேர்த்து ஒரே சொல். "அ லாட்" எப்போதும் இரண்டு சொல். பேசும்போது எல்லாம் ஒன்று போலத்தான் கேட்கும், எழுத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

"வான்னா", "கோன்னா" எல்லாம் சினிமாப் பாட்டிலும் பிரெண்டுக்கு அனுப்பும் மெசேஜிலும் இருக்கட்டும். தலைமையாசிரியருக்கு லீவு லெட்டரில் "ஐ வான்னா லீவ்" என்று எழுதுவது, தமிழில் "சார், லீவு குடுங்க சார், ப்ளீஸ்" என்று எழுதுவதற்குச் சமம். தமிழில் நாம் யாரும் அப்படி எழுத மாட்டோம். "விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்றுதான் எழுதுவோம். எந்த இடத்தில் எந்தத் தமிழ் என்று நமக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிகிறது. இங்கிலீஷில் அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தமிழிலேயே பாருங்களேன். சென்னையில் இருக்கும் பெரியப்பா மகளுக்கு, "அக்கா, சாரல் விழாவுக்கு வெள்ளன வந்துருங்க" என்று எழுதினேன். அக்கா போன் பண்ணி, "வெள்ளை டிரஸ் போட்டுட்டு வரணுமா?" என்று கேட்டாள். நமக்கு வெள்ளன என்றால் சீக்கிரமாக. அதற்காக வெள்ளன தப்பான தமிழா? இல்லவே இல்லை. அக்காவுக்கு எழுதும்போது சீக்கிரம் என்று எழுதியிருக்கலாம். ஆச்சியிடம் பேசும்போது நான் வெள்ளன என்றுதான் சொல்வேன்.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு சண்டையே நடந்தது. அப்படியென்றால் நம் ஊர் இங்கிலீஷ் எல்லாம் தப்பு, லண்டன்காரர் மாதிரி பேசினால்தான் இங்கிலீஷ் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தேதியை முன்னால் கொண்டுவருவதற்கு நாம் "பிரிபோன்" என்கிறோமே, அந்தச் சொல் ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. நம்ம "ஐயோ" 2016இல் ஏறியது. "அண்ணா" 2017இல் ஏறியது. கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் எப்போதோ போய்விட்டன, கேட்டமரான், மல்லிகடானி என்று வேஷம் மாற்றிக்கொண்டு. சகலைக்கு நாம் வைத்த "கோ பிரதர்" என்ற பெயரைவிட நல்ல சொல் அவர்களிடம் இல்லை, எல்லா உறவுக்கும் ஒரே "பிரதர் இன் லா"தான். மச்சானும் அதுதான், கொழுந்தனும் அதுதான். பாவம், கல்யாண வீட்டில் எப்படிச் சமாளிப்பார்களோ! நம் ஊர்க்காரருக்கு எழுதினால் கோ பிரதர் என்று தாராளமாக எழுதுங்கள். வேறு ஊர்க்காரருக்கு என்றால் "மை வைஃப்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்" என்று நீட்டித்தான் ஆக வேண்டும்.

நேரில் பேசும்போது இந்தத் தொல்லை பாதி குறைந்துவிடும். ஸ்டேஷன் வாசலில் அப்பாவுக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரு பொதுவான வார்த்தை கிடையாது. ஆனாலும் கையைக் காட்டி, தலையை ஆட்டி, டீ குடித்து, எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். எழுதினால் கையும் வராது, முகமும் வராது. தாளில் என்ன இருக்கிறதோ அதுதான். அப்பா நல்லவர் என்பதும் அந்த மூன்று வரியில் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் ஒரு மாதிரி இருக்கிறது.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மா ஒரு மெசேஜ் அனுப்பினார்கள். நானும் டீச்சர் உதவி இல்லாமல் பதில் எழுதினேன். "த சீசன் இஸ் சூப்பர் நவ்" என்று எழுதிவிட்டு அனுப்பப் போகும் முன் நின்றேன். அவர்களுக்கு சீசன் என்றால் கோடையா, குளிர்காலமா? அடித்துவிட்டு, "தேர் இஸ் அ லாட் ஆஃப் வாட்டர் இன் த ஃபால்ஸ் நவ்" என்று எழுதினேன். அ லாட் இரண்டு சொல்! "ஐ விஷ் ஐ வேர் தேர்" என்று பதில் வந்தது. அங்கே இருந்திருக்கலாமே என்று ஏங்குவதாக அர்த்தம் என்று டீச்சர் சொன்னார்கள்.

இடம் முடியப்போகிறது. கீழே மூன்று வாக்கியம் எழுதியிருக்கிறேன். நம் ஊரில் எல்லாருக்கும் புரியும். அந்த வெள்ளைக்காரப் பாட்டியம்மாவுக்கும் புரியும்படி மாற்றி எழுதி, பெயர், வகுப்பு போட்டு, இதழுக்குக் கீழே இருக்கும் அட்டைப் பெட்டியில் போடுங்கள்.

1. மை கசின் பிரதர் பாஸ்டு அவுட் லாஸ்ட் இயர் ஒன்லி.

2. டுடே மார்னிங் ஐ ஹேட் எ டவுட் இன் மேத்ஸ்.

3. யூ பீப்பிள் மஸ்ட் கம் டு மை நேட்டிவ் பிளேஸ் இன் சீசன்.

மூன்றும் சரியாக எழுதும் முதல் ஆளுக்கு என் புது ஜெல் பேனா பரிசு. வெள்ளிக்கிழமை மாலை வரை போடலாம். அதற்கு மேல் போட்டால் பிரயோஜனம் இல்லை, சனி, ஞாயிறு நான் அவுட் ஆஃப் ஸ்டேஷன்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி